பன்னிரண்டு பேர் வேணும்

ஒரு வழியாக ஆப் ப்ளே ஸ்டோரில் ஏறிவிட்டது. பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், விடுங்கள். வீட்டு மின் மீட்டரில் தெரியும் எண்ணை அவ்வப்போது அடித்து வைத்தால், போன கணக்கெடுப்பிலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது, இதே வேகத்தில் போனால் பில் எவ்வளவு வரும் என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. இப்போதைக்கு அது சாதித்தது, எங்கள் வீட்டு ஏசியை விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் ஓடாமல் செய்தது.

நான் பி.காம். ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்குப் பார்க்கிறேன். டேலி தெரியும், எக்செல் கொஞ்சம் நன்றாகவே தெரியும். புரோகிராமிங்கை யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஆப் வந்த பிறகு, "எப்படிங்க பண்ணுனீங்க, எனக்கும் ஒரு ஐடியா இருக்கு" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு டீக்கடையில் பாதிப் பாதியாகச் சொல்வதற்குப் பதிலாக, ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோடு எழுதச் சொல்லித்தர யூடியூபில் எக்கச்சக்கமான ஆட்கள். எழுதின ஆப் உங்கள் போனில் ஓடியதும் எல்லோரும் "வாழ்த்துகள்" சொல்லி வீடியோவை முடித்துவிடுவார்கள். எனக்குப் பெரிய வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் ஏன் இந்த ஆப் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம், இது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தோராயமாகத்தான் தெரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ரேட் ஏறியிருக்கிறது, ஆனால் படிக்கட்டு அதேதான். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. கூட்டினால் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.25 ரூபாய் படியே காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50, கடைசி ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஆக, அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

அந்த 233 ரூபாய்க்காகத்தான் இந்த ஆப்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆப்புக்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய விஷயத்தை எடுங்கள். உணவு டெலிவரி, டாக்சி புக்கிங், நாலு பேர் சாட் செய்வது, இதெல்லாம் வேண்டாம். ஆப் எழுதும் கோட்லின் மொழியும் புதுசு, ஆண்ட்ராய்டும் புதுசு என்று இருக்கும்போது, போடும் கணக்காவது பழசாக இருக்கட்டும். எனக்கு அது கைகொடுத்தது. உதாரணத்துக்கு, தசம எண்ணில் பணத்தை வைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.3-க்குப் பக்கத்தில் வால் முளைத்த ஓர் எண்ணைக் கொடுக்கும். ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. இதைப் பெரிய தத்துவமாக ஒரு வீடியோவில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க பைசா ரவுண்டிங்கோடு மல்லுக்கட்டும் ஆளுக்கு இது காலைக் காபி மாதிரி.

கற்றுக்கொண்ட கதையை வேகமாகச் சொல்கிறேன், அதில் புதுசாக ஒன்றுமில்லை. கூகுள் இலவசமாக வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு அடிப்படைப் பாடம், திரையை வரைய உதவும் கம்போஸை வைத்துச் சொல்லித் தருவது, அதைத்தான் பிடித்துக்கொண்டு போனேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூட. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே போன் மாதிரி நடிக்கும் எமுலேட்டரையும் ஓடவிட்டால் மின்விசிறி கத்துகிற கத்தலில் பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். எமுலேட்டரை விட்டுத் தொலைத்து, பழைய போன் ஒன்றை யூஎஸ்பி கேபிளில் மாட்டிக்கொண்டேன். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சினிமா ரகசியக் கதவு போல இருந்தாலும் நிஜம்தான்.

தானாகக் கற்கிறவனுக்கு உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும் பதில்கள் எல்லாம் வேறுவேறு காலத்தைச் சேர்ந்தவை. ஆண்ட்ராய்டு ஆப்பை முதலில் ஜாவாவில் எழுதினார்கள். 2017-இல் கூகுள் கோட்லினை ஏற்றுக்கொண்டது, 2019-இல் அதுதான் முதல் மொழி என்றது. திரையை எக்ஸ்எம்எல் கோப்பில் வரைந்துகொண்டிருந்தார்கள், 2021-இல் கம்போஸ் 1.0 வந்து அதையும் மாற்றியது. நீங்கள் ஒரு கேள்வியைத் தேடினால் மூன்று காலத்துப் பதிலும் ஒரே பக்கத்தில் வரும், மூன்றும் சரியாகவே இருக்கும், ஒன்றோடொன்று மட்டும் ஒட்டாது. இப்போது ஏஐ-யிடம் கேட்டாலும் சில நேரம் இதே அவியல்தான் பரிமாறப்படுகிறது. ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். 2021-க்கு முந்தின வீடியோ என்றால் எவ்வளவு அருமையாக இருந்தாலும் மூடிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். குழப்பம் பாதியாகக் குறைந்தது.

சரி, போனில் ஓடியது. மீட்டர் எண்ணை அடித்தால் பில் வந்தது, பழைய பில்லோடு ஒத்துப் பார்த்தேன், பைசா சுத்தம். இனி ஸ்டோரில் போட வேண்டியதுதானே? வீடு கட்டி முடித்தாச்சு, இனி பட்டா மாறுதல், வரி ரசீது, இணைப்புக்கு மனு என்று அலைகிற கட்டம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

டெவலப்பர் கணக்குக்கு 25 டாலர், ஒரே தடவை. உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும், பேங்க் ஆப்பில் போய்ப் பார்த்துவிட்டு உட்காருங்கள். அடையாள அட்டை கேட்பார்கள். நிஜமான ஆண்ட்ராய்டு போன் கையில் இருக்கிறதா என்றும் சரிபார்ப்பார்கள். தனிநபர் கணக்கில் உங்கள் சட்டப்படியான பெயர் ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். ஆப்புக்கோ, ஆப்புக்குள் எதற்கோ காசு வாங்கினால் முழு முகவரியும் தெரியும். என் ஆப் இலவசமாக இருப்பதற்கு என் தாராள மனசு பாதிக் காரணம். மீதிப் பாதி இதுதான். பில் தப்பாக வந்ததென்று யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம் பாருங்கள்.

ஆப்புக்கு ஒரு பேக்கேஜ் பெயர் வைக்க வேண்டும், புள்ளி வைத்துப் பிரித்து ஆங்கிலத்தில் எழுதும் நீளமான பெயர். வெளியிட்ட பிறகு இதை மாற்றவே முடியாது. ஸ்டோரில் தெரியும் பெயரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம், இது ஆயுசுக்கும் அதேதான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ தானாக வைக்கும் 'காம் டாட் எக்ஸாம்பிள்' என்பதை ஸ்டோர் ஏற்காது. அப்புறம், ஆப் உங்களுடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சாவி. 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப்கள் ஏபிகே-யாக அல்லாமல் ஏஏபி என்கிற பொதியாகத்தான் போக வேண்டும், அசல் சாவி கூகுளிடமே இருக்கும். உங்களிடம் இருப்பது பதிவேற்றும் சாவி. அது தொலைந்தாலும் புதிது கேட்டு வாங்க வழி இருக்கிறது. முன்பெல்லாம் அப்படியில்லை, சாவி போனால் அந்த ஆப்புக்கு அப்டேட்டே கிடையாது. நான் அதை ஒரு பென் டிரைவில் போட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை புத்தி.

பிறகு படிவங்கள். ஒரு தகவலும் சேகரிக்காத ஆப்பாக இருந்தாலும் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் எழுதி இணையத்தில் எங்காவது வைத்து அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும். டேட்டா பாதுகாப்புப் படிவத்தில் எதையெல்லாம் எடுக்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். என் ஆப் இணைய அனுமதியே கேட்பதில்லை என்பதால் 'இல்லை, இல்லை' என்று அடித்துக்கொண்டே போனேன். அடுத்தது வயது மதிப்பீடு. இந்த ஆப்பில் வன்முறை உண்டா, சூதாட்டம் உண்டா, போதைப் பொருள் உண்டா? மீட்டர் ரீடிங் ஆப்பில் என்ன வன்முறை, பில்லைப் பார்த்ததும் வீட்டில் நடப்பதைத் தவிர!

என் மாதிரி அரசுச் சம்பந்தமான தகவலைத் தொடுகிறவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. கட்டண விகிதம் எங்கிருந்து எடுத்தது என்று மூலத்துக்கு இணைப்பு கொடுக்க வேண்டும், இது மின் வாரியத்தின் ஆப் இல்லை, அரசோடு சம்பந்தமில்லை என்று தெளிவாகப் போட வேண்டும். ஸ்டோரின் விதி அது, நியாயமான விதியும்கூட. நாலு பேர் இதை வாரிய ஆப் என்று நினைத்துப் பணம் கட்டத் தேடக் கூடாது இல்லையா.

ஸ்டோர் பக்கத்துக்கு 512-க்கு 512-இல் ஐகான், 1024-க்கு 500-இல் ஒரு பேனர், ஸ்கிரீன்ஷாட்டுகள், 30 எழுத்துக்குள் பெயர், 80 எழுத்துக்குள் சுருக்கம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த 80 சீக்கிரம் தீர்ந்துவிடும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். நம் கண்ணுக்கு நாலெழுத்தாகத் தெரியும் 'மீட்டர்' அதற்கு ஏழு.

இதெல்லாம் முடிந்து, 'வெளியிடு' பொத்தான் எங்கே என்று தேடினால் அது சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் கிடக்கும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு ஒரு நிபந்தனை. நீங்கள் பட்டியலிடும் ஆட்களிடம் மட்டும் ஆப்பைக் கொடுத்துப் பார்க்கும் மூடிய சோதனையை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். 12 பேரும் விடாமல் 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். இடையில் ஆள் விலகினால் எண்ணிக்கை போச்சு. இரவில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவனிடம், "சரி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா" என்கிறார்கள்.

இதற்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆள் தருகிற சேவைகள் இருக்கின்றன. நீ என் ஆப்பை வைத்துக்கொள், நான் உன் ஆப்பை வைத்துக்கொள்கிறேன் என்று மொய்க்கு மொய் எழுதும் குழுக்களும் இருக்கின்றன. நான் இரண்டுக்கும் போகவில்லை. மீட்டர் இல்லாத வீடு எது? சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.

முதல் தடையே ஜிமெயில். சோதனைப் பட்டியலில் சேர்க்க அவரவர் போனில் இருக்கும் ஜிமெயில் முகவரி வேண்டும். அத்தையைக் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கெங்க சாமி தெரியும்? போன் வாங்குன கடைக்காரத் தம்பிதான் போட்டுக் குடுத்துச்சு."

"பாஸ்வேர்டு?"

"அதுவும் அந்தத் தம்பிகிட்டத்தான் இருக்கும். வேணும்னா போய்க் கேளு கண்ணு."

பல வீடுகளில் இதேதான் நிலைமை. முகவரி பெரும்பாலும் பெயரும் ஒரு நீள எண்ணும். சிலருக்குப் பெயரே கடைக்காரருடையது. ஒவ்வொரு வீடாகப் போய் செட்டிங்ஸைத் திறந்து எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்தது, இணைப்பைத் தொட்டு "சேர்கிறேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். போனில் இரண்டு கணக்கு இருப்பவர்கள் வேறு கணக்கில் திறந்துவிட்டு "பேஜே இல்லைங்குதுங்க மாமா" என்பார்கள். அதையும் போய்ச் சரிசெய்து, 14 நாளைக்கு எடுத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். கேமுக்கு இடம் போதவில்லை என்று ஆப்பை எடுத்துவிடக்கூடிய பையன்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். கூடுதலாக நாலைந்து பேரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதி.

இவ்வளவு புலம்பிவிட்டு இதைச் சொல்வது விசித்திரமாக இருக்கும். நான் கற்றுக்கொண்டதில் ஆகப் பெரிய பகுதி இந்தப் பன்னிரண்டு பேரிடம்தான்.

அத்தை வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். மீட்டர் பெட்டி வெளிச்சுவரில், தலைக்கு மேலே. அத்தை ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். டிஜிட்டல் மீட்டரில் ஒரே எண் நிற்பதில்லை, சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். தேதி வரும், நேரம் வரும், வோல்டேஜ் வரும், நடுவில் ஒருமுறை நமக்கு வேண்டிய யூனிட் வந்துவிட்டுப் போகும். அத்தை எந்த எண் வந்தாலும் அதை அடித்துவிட்டார். ஆப் பெருமையாக ஒரு பில்லைக் காட்டியது, லட்சக்கணக்கில். "ஏன் கண்ணு, இவ்வளவு கட்டோணுமா?" என்று அத்தை ஸ்டூலிலிருந்தே கேட்டார். பெட்டிக்குள் இருட்டு என்பதால் அடுத்த தடவை போனைப் படுக்கவைத்து டார்ச் அடித்தார். திரை திரும்பியது, பாதி அடித்திருந்த எண் அழிந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் போனைத் திருப்பினால் திரை முழுதும் புதிதாகப் பிறக்கும். திரும்பினாலும் நினைவில் வைத்துக்கொள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பாடத்தில் அந்த வரி வந்தபோது, யார் இப்படிப் போனைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. ஸ்டூல் மேல் நிற்கும் என் அத்தை திருப்புவார்.

இப்போது ஆப், யூனிட் வரும் திரை எப்படி இருக்கும் என்று ஒரு படம் காட்டுகிறது. அடித்த எண் போன எண்ணைவிடக் குறைவாக இருந்தால் மீட்டர் மாற்றினார்களா என்று கேட்கும். ஒரு நாளைக்கு நம்ப முடியாத அளவு ஓடியிருந்தால், புள்ளிக்குப் பிந்தின எண்ணையும் சேர்த்து அடித்துவிட்டீர்களா என்று கேட்கும். இதில் ஒன்றுகூட நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தது கிடையாது.

சித்தப்பா வீட்டில் மூன்று மீட்டர், மாடியில் இரண்டு குடித்தனம். ஒரே வீடு என்று எழுதி வைத்திருந்த டேபிளைப் பிரித்து, இணைப்புக்கு ஒரு வரி என்று மாற்றினேன். தமிழ் எழுத்துக்கும் வேலை வைத்தார்கள். தமிழுக்குத் தனிக் கோப்புறையில் சொற்களைப் போட்டால், போன் மொழி தமிழாக இருக்கும்போது ஆப் தமிழில் தெரியும் என்பது ஏற்பாடு. பிரமாதம். ஆனால் எங்கள் ஊரில் போனைத் தமிழில் வைத்திருப்பவர் யார்? தமிழில் மட்டுமே படிக்கிறவர் போன்கூடக் கடைக்காரர் வைத்துக் கொடுத்தபடி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆப்புக்குத் தனியாக மொழி தேர்வுசெய்யும் வசதி ஆண்ட்ராய்டு 13-இல் வந்தது, அதற்கு முந்தின போன்களுக்கும் சேர்த்து முதல் திரையிலேயே தமிழா ஆங்கிலமா என்று கேட்டுவிடுகிறேன். எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் வயசானவர்கள் போனில் 'பயன்படுத்திய யூனிட்' இரண்டு வரியாக மடங்கி, மேலே விசிறியும் கீழே சுழியும் வெட்டுப்பட்டன. வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டினேன், பொத்தான்களின் உயரத்தைக் கட்டிப்போடாமல் விட்டேன்.

நினைவூட்டல் மட்டும் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. கணக்கெடுப்பு நெருங்கும்போது ஒரு அறிவிப்பு வர வேண்டும். சில மலிவுப் போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் எதையும் ஓடவிடுவதில்லை. அந்தப் போன்களில் பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லி ஆப்பிலேயே ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன், யார் படிக்கிறார்கள்.

14 நாள் முடிந்ததும் வெளியிட அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம். ஆட்களை எப்படிச் சேர்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அதற்கு என்ன மாற்றினீர்கள் என்று கேள்விகள். காசு கொடுத்து ஆள் பிடித்தவர்கள் இதில் என்ன எழுதுவார்களோ, எனக்குப் படிவத்தில் இடம்தான் போதவில்லை. ஸ்டூல் கதையைச் சுருக்கி எழுதினேன். அனுமதி வந்தது.

வந்த பிறகும் ஆப் நம்மை விடாது. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 31 வாக்கில் ஒரு கெடு உண்டு. புதிய ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்துத் தயாரிக்காவிட்டால் அப்டேட் போட முடியாது. 2025-இல் அது ஆண்ட்ராய்டு 15. அது போக, இணையமே தொடாத ஆப் என்பதால் மின் கட்டணம் மாறினால் நான் புதுப் பதிப்புப் போட வேண்டும். அதுவரை பொறுக்காதவர்கள் தாங்களே ரேட்டைத் திருத்திக்கொள்ள ஒரு திரை வைத்திருக்கிறேன். முகம் தெரியாத ஒருவர், மாடியில் சோலார் போட்டிருக்கிறேன், என் மீட்டரில் போகிற யூனிட்டும் வருகிற யூனிட்டும் தனித்தனி, அதற்கு வழி உண்டா என்று மெயில் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்தக் கணக்கை நானே இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த பதிப்பில் வரும்.

ஐபோனுக்கு எப்போது என்று கேட்கிறவர்களுக்கு: ஆப்பிளில் டெவலப்பர் கணக்கு ஆண்டுக்கு 99 டாலர், ஒவ்வொரு ஆண்டும். அதற்கான எக்ஸ்கோடு மென்பொருள் ஓட மேக் கம்ப்யூட்டர் வேண்டும். எழுதினதையும் அந்தப் பக்கத்துக்குத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஐபோன் வைத்திருப்பது ஒரே ஒரு மாப்பிள்ளை. அவர் வீட்டுக் கரண்ட் பில்லை அவர் அப்பாதான் கட்டுகிறார், அப்பாவிடம் ஆண்ட்ராய்டு இருக்கிறது.